எங்க வீட்டுல விட்ட எலி

அத்தியாயம் 6

அந்த எலி நாமம் போட்டிருந்துச்சு.

கணேஷ்குமார் கண்ணைக் கசக்கிட்டு மறுபடி பார்த்தான். சந்தேகமே இல்லை. காப்பித்தூள் கலர்ல உடம்பு, உள்ளங்கையைத் தாண்டற சைஸு, மூக்குக்கு மேல ஆரம்பிச்சு நெத்தி வரைக்கும் பளிச்னு ஒரு வெள்ளைக்கோடு. பழைய பேப்பர் கட்டு மேல உட்கார்ந்து, ஒரு பட்டாணியை ரெண்டு கையாலயும் பிடிச்சு உருட்டி உருட்டித் தின்னுக்கிட்டே இவனைப் பார்த்துச்சு. மனுஷனைப் பார்த்தா ஓடணும்னு அதுக்குத் தோணவே இல்லை. ஓடணும்னு தோணினது இவனுக்குத்தான்.

"மேடம், அசல் ஸ்ரீரங்கத்து எலி மேடம். நாமம் எல்லாம் போட்டு லட்சணமா இருக்கு. வடகலையா தென்கலையான்னுதான் தெரியலை."

"கிட்டப் போய்ப் பாரு," ன்னாங்க அறிவுமதி.

"நான் இங்கிருந்தே சேவிச்சுக்கறேன்."

"பேரு கணேஷ்குமார். உன் வாகனத்துக்கு நீயே பயந்தா எப்படி?"

"நான் பஸ்ல போற கணேஷ் மேடம்."

அறிவுமதி சிரிக்கலை. தலையில ஹெல்மெட்டைக் கூடக் கழட்டாம அந்த எலியையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. தென்னூர்ல ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில துப்பறியும் ஆபீஸ் வச்சிருக்கறவங்க, கணேஷ்குமார் அங்க அசிஸ்டென்ட். அதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் கம்பெனியில, நிஜமாவே கடை எரிஞ்சுதா எரிய விட்டாங்களான்னு கண்டுபிடிக்கற வேலை. அந்த வேலையில இருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம் ஒண்ணு உண்டு. ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேட்பாங்க. முதல் பதிலை வாய் சொல்லும், ரெண்டாவது பதிலை முகம் சொல்லும்கறது அவங்க கணக்கு.

குடோன் வாசல்ல ஒயர் கூடையோட நின்னுக்கிட்டு இருந்தது மகாலட்சுமி. கேஸைக் கொண்டு வந்ததே அவங்கதான். கூடையில ஒரு டிபன் பாக்ஸ். தினமும் சமைச்சு ஜெயில் வாசல் வரைக்கும் கொண்டு போறாங்க, தினமும் அப்படியே திரும்பி வருது.

"மேடம், எலி எங்கிருந்து வந்துச்சுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்துருங்க. எங்க லோடுல வரலைன்னு தெரிஞ்சா போதும். அவரு வெளிய வந்துருவாரு."

விஷயம் இதுதான். மகாலட்சுமியோட வீட்டுக்காரர் நல்லதம்பி, பழைய பேப்பர் வியாபாரி. வெளிநாட்டுல இருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு வர்ற வேஸ்ட் பேப்பர் கட்டுகளை லாரியில கொண்டாந்து, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டுல இந்தக் குடோன்ல இறக்கி, தரம் பிரிச்சு மில்லுக்கு அனுப்புவார். போன மழைக்கு அப்புறம் பின்தெருவுல புதுசா ஒரு எலி தலைகாட்டுச்சு. வீட்டெலியை விடப் பெருசு. பெருச்சாளி மாதிரி முறைக்காது, உறுமாது, அது பாட்டுக்கு அடுப்படிக்குள்ள வந்து உட்காரும். பின்னாடியே எலிக்காய்ச்சல். முதல்ல டியூஷன் சார் போனாரு. அப்புறம் அயர்ன் கடைக்காரரோட சம்சாரம். பார்க்க வந்த சுகாதார அதிகாரி கூண்டைக் குனிஞ்சு பார்த்துட்டு, "இது துறைமுகத்துல இருக்கற எலியாச்சே, இங்க எப்படி?" ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அவரு ஜீப் திரும்பறதுக்குள்ள கூட்டம் இந்தக் குடோன் கதவை உடைச்சிருச்சு.

அன்னிக்கு ஒருத்தன் எடுத்த வீடியோதான் திருச்சி பூரா சுத்துது. நல்லதம்பி உதடு கிழிஞ்சு ரத்தம். சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்துல இருந்து அவரைப் பிச்சு இழுத்துக்கிட்டே, "யாருய்யா இதைக் கொண்டாந்து விட்டது?" ன்னு கேட்கறாரு. நல்லதம்பி மூச்சு வாங்க ஒரே ஒரு வரி சொல்றாரு.

"எங்க வீட்டுல விட்ட எலி சார் அது."

அவ்வளவுதான். அப்புறம் வாயை மூடினவர், இன்னிக்கு வரைக்கும் திறக்கலை. வக்கீல்கிட்டயும் இல்லை, மகாலட்சுமிகிட்டயும் இல்லை. ரெண்டு உயிர் போன கேஸ். உள்ளே போட்டாச்சு. ஏற்கெனவே பேப்பர் கட்டு சரிஞ்சு விழுந்து நசுங்கின கால், உள்ளே கம்பி வச்சுத் தச்சது. அன்னிக்கு விழுந்த அடியில அது மறுபடி வீங்கி, சீழ் வச்சுக்கிச்சு. இன்னிக்கு மத்தியானம் ஜாமீன் மனு வருது. இதுவும் தள்ளுபடி ஆச்சுன்னா அந்தக் கால் தங்காதுன்னு ஜெயில் டாக்டரே சொல்லிட்டார்.

"நீங்க இந்தக் குடோனுக்கு வர்றது உண்டாம்மா?" ன்னு கேட்டாங்க அறிவுமதி. மகாலட்சுமி பார்வை எலியோட நெத்தியில போய் நின்னுச்சு.

"நான் எதுக்கு மேடம் வரப்போறேன்? எங்க வீடு லால்குடியில. கல்யாணம் ஆனதுல இருந்து இந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை."

"ம்." நாமம் போட்ட எலி பட்டாணியை முடிச்சுட்டு மீசையைத் துடைச்சுக்கிச்சு. மகாலட்சுமி மறுபடி அதைப் பார்த்துட்டுச் சட்டுனு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. "அப்ப இந்தக் குடோனுக்கு நீங்க வந்ததே இல்லை?"

"அதான் சொன்னேனே மேடம்."

கணேஷ்குமார் இதுக்கு மேல அந்த எலி முகத்துல முழிக்க முடியாதுன்னு பின்வாசல் பக்கம் நகர்ந்தான். அங்க ஒரே இருட்டு. வெளியில வாய்க்காலும், வாய்க்கால் ஓரமா ஒரு குட்டிப் பிள்ளையாரும் தெரிஞ்சுது.

"தம்பி, குனிஞ்சு போங்க, நிலை இடிக்கும்," ன்னாங்க மகாலட்சுமி.

சொல்லி முடிக்கறதுக்குள்ள ணங்குனு இடிச்சுக்கிட்டான். நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டு, "எனக்கும் நாமம் போட்டாச்சு மேடம்" ன்னான். அதுக்கும் அறிவுமதி சிரிக்கலை. மகாலட்சுமியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அப்பத்தான் போன் அடிச்சுது. ப்ரீத்தி. எலியோட ரிசல்ட் வந்துருச்சு.

*

காவிரிப் பாலத்துல அறிவுமதி ஸ்கூட்டி ஓட்டறப்ப பின்னாடி உட்கார்ந்திருக்கறவனுக்குக் கடவுள் நம்பிக்கை தன்னால வரும். கணேஷ்குமார் ரெண்டு கையாலயும் பின்கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். ஒரு காலேஜோட பின்கட்டுல இருந்த லேப்ல போய் இறங்கினதும் வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கிட்டான்.

ப்ரீத்தி எலி ஆராய்ச்சி பண்ற பொண்ணு. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைன்னு ஒரு துறைமுகம் விடாம எலி வால் நுனி சேகரிச்சு, எந்த எலி எந்த ஊர்ல இருந்து கப்பலேறி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கறவ. குடோன்லயும் பின்தெருவுலயும் பிடிச்ச எலிகளோட வால் நுனியை அறிவுமதி அவகிட்டத்தான் குடுத்திருந்தாங்க.

"வாங்கக்கா. வாங்கண்ணா."

"அண்ணா" ங்கற வார்த்தை நிலைப்படியை விட பலமா இடிச்சுது கணேஷ்குமாருக்கு. காட்டிக்கலை.

"நல்ல செய்திக்கா. இது துறைமுகத்து எலி இல்லை."

"எப்படிச் சொல்றே?"

"அம்மாகிட்ட இருந்து மட்டுமே பிள்ளைக்கு வர்ற டிஎன்ஏ ஒண்ணு இருக்கு. அதுல அப்பாவுக்குப் பங்கே கிடையாது."

"இனிஷியல் மாதிரியா?" ன்னான் கணேஷ்குமார்.

"நம்ம இனிஷியலுக்கு நேர் எதிர்ண்ணா. அம்மா பேரை மட்டும் போட்டுக்கற இனிஷியல். பாட்டி, அம்மா, பொண்ணுன்னு மாறாம வரும். தூத்துக்குடியில எடுத்த வாலையெல்லாம் பார்த்தா ஏகப்பட்ட இனிஷியல். கப்பல் கப்பலா வந்து இறங்கினதுங்க இல்லையா? ஒவ்வொரு லோடுலயும் ஒவ்வொரு அம்மா வந்திருப்பா. நீங்க குடுத்த குடோன் எலியைப் பாருங்க. அத்தனைக்கும் ஒரே இனிஷியல். ஒரே ஒரு அம்மா வயித்துப் பரம்பரை. அந்த இனிஷியல் எந்தத் துறைமுகத்துலயும் எனக்குக் கிடைச்சதே இல்லை."

"பின்ன எங்கதான் இருக்கு?"

ப்ரீத்தி விரலை நீட்டினா. ஜன்னல் ஓரத்துக் கூண்டுல, சிவப்புக் கண்ணோட, பஞ்சு மாதிரி வெள்ளெலிங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறித் தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

"இவங்க வீட்டுல."

"இதுங்க வெள்ளை. அது காப்பித்தூள்."

"கலர்தான் வேறண்ணா. இனம் ஒண்ணுதான். மனுஷன் கூண்டுல வச்சுத் தலைமுறை தலைமுறையா வளர்த்த பரம்பரை. ஆராய்ச்சிக்கு வெள்ளை, கடையில விக்கறதுக்குக் கலர். கலர் பார்த்து ஜோடி சேர்க்கச் சேர்க்கத்தான் நெத்தியில அந்த மாதிரி வெள்ளை விழும். கைவளர்ப்புப் பரம்பரைங்கறதாலதான் மனுஷனைக் கண்டு ஓடலை." ப்ரீத்தி குரலைத் தாழ்த்தினா. "யாரோ கடையில ஒரு ஜோடி வாங்கி, அந்தப் பக்கமா திறந்து விட்டிருக்காங்கக்கா. பேரன் பேத்தி எடுத்து, இப்ப ஒரு தெருவே ஆயிருச்சு."

"காய்ச்சல் இதுங்ககிட்ட இருந்துதான் வந்துச்சா?"

"அது வேற டெஸ்ட். இன்னும் வரலை. சாக்கடையில இருக்கற நம்மூர்ப் பெருச்சாளியாலயே வந்திருக்கலாம். இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

கணேஷ்குமாருக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. துறைமுகத்து எலி இல்லை. லோடுல வரலை. கேஸே முடிஞ்சுது. மகாலட்சுமி நம்பரைத் தேடிப் போனைக் காதுல வைக்கப் போனான். அறிவுமதி அதைப் பிடுங்கிட்டாங்க. கட் பண்ணி அவன்கிட்டயே திருப்பி நீட்டினாங்க.

"அந்த வீடியோவைப் போடு."

"அது எதுக்கு மேடம் இப்ப?"

"போடுடா."

போட்டான். கூட்டத்துச் சத்தம், விசில், யாரோ ஒரு பொம்பளை அழறது. அதுக்கு நடுவுல அந்தக் குரல். *எங்க வீட்டுல விட்ட எலி சார் அது.*

"நேத்து வரைக்கும் வக்கீல் என்ன சொல்லிக்கிட்டு இருந்தாரு? 'விட்ட'ன்னா, லோடுல வந்ததைப் பார்க்காம விட்டது, தெரியாம நடந்ததுன்னு. இப்ப ப்ரீத்தி என்ன சொல்றா?"

கணேஷ்குமார் வீடியோவை நிறுத்தினான். "கடையில வாங்கி... திறந்து விட்டது."

"அந்தாளே வாயால சொல்லியிருக்கார், விட்டதுன்னு. தெரியாம நடந்தது போய், தெரிஞ்சே பண்ணினதா ஆயிருச்சு. காப்பாத்தறேன்னு கிளம்பி நாமளே கயித்தை முறுக்கிக் குடுத்திருக்கோம்."

"ரிப்போர்ட்டைக் குடுக்காம விட்டுட்டா?"

ப்ரீத்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "சுகாதாரத் துறையிலயும் ஒரு காப்பி கேட்டிருந்தாங்கண்ணா. காலையிலயே மெயில் போட்டுட்டேன். கோர்ட்டுக்குப் போயிருக்கும்."

வெள்ளெலி ஒண்ணு முழிச்சு, தண்ணிக் குழாயை நக்குச்சு.

"ஒண்ணு இடிக்குது," ன்னாங்க அறிவுமதி. "அவரு வீடு எங்க?"

"லால்குடியில."

"எலி எங்க?"

"ஸ்ரீரங்கத்துல."

"லால்குடி வீட்டுலயும்தானே கூண்டு வச்சோம்?"

"வெறும் வீட்டெலிதான்கா மாட்டுச்சு," ன்னா ப்ரீத்தி. "இந்தப் பரம்பரை அங்க ஒண்ணு கூட இல்லை."

"வீட்டுல விட்ட எலி வீட்டுல இல்லை. பின்ன எதுக்கு அப்படிச் சொன்னாரு?"

"கொள்ளிடத்தை நீந்தி வந்திருக்குமோ," ன்னான் கணேஷ்குமார். அவனுக்கே அது ஜோக்காப் படலை. "மேடம், அந்த ஜோடியை வாங்கினது யாருன்னு பிடிச்சா?"

"நெத்தியில வெள்ளை விழற ஜாதியைத் திருச்சியில ஒருத்தர்தான் விக்கறார்," ன்னா ப்ரீத்தி. "பாலக்கரையில, மீன்தொட்டிக் கடை. வசீம் பாய்."

*

வசீம் பாய் கடைக்குள்ள நுழைஞ்சா காது ரெண்டும் குளிர்ந்து போகும். சுத்தி மீன்தொட்டி, குமிழி விடற சத்தம். மேல கிளிக்கூண்டு, கீழே முயல் கூண்டு. எலிக்கூண்டு காலியா இருந்துச்சு.

"இப்ப எலி விக்கறதில்லைங்க," ன்னார் வசீம். "ஊரெல்லாம் எலிக்காய்ச்சல்னு பேச்சு வந்ததுமே நிறுத்திட்டேன். எனக்கு எதுக்கு வம்பு?"

"முன்னாடி நெத்தியில வெள்ளை போட்ட எலி வித்தீங்களா?"

"ஒரே ஒரு ஜோடிதான் மேடம் வித்துச்சு. ஆண் காப்பிக் கலர், நெத்தியில கோடு. பொண்ணு சுத்த வெள்ளை. போன வருஷம்."

"யாரு வாங்கினாங்க?"

"நான் பார்க்கலைங்க. எங்க வீட்டுலதான் வித்தாங்க."

கணேஷ்குமார் எலிக்கூண்டையும் வசீமையும் மாத்தி மாத்திப் பார்த்தான். "வீட்டுல வச்சும் விக்கறீங்களா பாய்? இங்க கடை, அங்க பிராஞ்சா?"

"இல்லை தம்பி, கடையிலதான் வித்தாங்க."

"இப்பத்தானே வீட்டுலன்னீங்க?"

"ஆமா. எங்க வீட்டுல." வசீம் அவனை ஒரு மாதிரி பார்த்தார். "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா?"

"அதுக்கும் எலிக்கும் என்ன பாய் சம்பந்தம்?"

வசீம் உள்பக்கம் திரும்பி, "நஜீமா, இங்க கொஞ்சம் வா" ன்னு கூப்பிட்டார். மீன் தீனிப் பொட்டலம் போட்டுக்கிட்டு இருந்த அவரு மனைவி, கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க. "இவங்களைத்தான் சொன்னேன்."

கணேஷ்குமார் "ஓ" ன்னு சொல்ல வாயைத் திறந்தான். அப்படியே அறிவுமதியைப் பார்த்தான். அவங்க முதல் தடவையா தலையில இருந்து ஹெல்மெட்டைக் கழட்டினாங்க. மெதுவா, ஏதோ பாரத்தை இறக்கற மாதிரி.

"நஜீமாம்மா," குரல் அடங்கிப் போயிருந்துச்சு. "அந்த ஜோடியை வாங்கினது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்குங்க. மறக்கற ஆளா அது? கூண்டு வேணாம்னுட்டாங்க. ஒரு பூக்கூடை கொண்டாந்திருந்தாங்க, உள்ள அறுகம்புல்லுதான் பரப்பியிருந்துச்சு. ஆணும் பொண்ணுமா ஜோடியாத்தான் வேணும், ஒத்தையா ஆகாதுன்னாங்க. அப்புறம் இன்னொண்ணு கேட்டாங்க பாருங்க, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இது கொழுக்கட்டை சாப்பிடுமான்னாங்க."

"கூட யாராச்சும் வந்திருந்தாங்களா?"

"உள்ள வரலை. வெளியில ஆட்டோவுல அவங்க வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தாரு. பாவம், இறங்க முடியாதுல்ல. ஒரு கால் பூரா மாவுக்கட்டு."

அறிவுமதி ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கிட்டாங்க.

கணேஷ்குமார் கடைக்கு வெளிய வந்து, நடைபாதையில அப்படியே உட்கார்ந்துட்டான். பாக்கெட்ல இருந்து போனை எடுத்து அந்த வீடியோவை மறுபடி போட்டான். ஊரே கேட்ட வரி. அவனே எத்தனையோ தடவை கேட்ட வரி. *எங்க வீட்டுல விட்ட எலி சார் அது.* அடி விழற நேரத்துல அந்தாள் வாய் தவறி உண்மையைச் சொல்லியிருக்கார். வீட்டுலன்னா சம்சாரம். சொன்ன அடுத்த நொடி தான் என்ன சொன்னோம்னு அவருக்கு உறைச்சிருக்கு. கேட்டவங்க எல்லாரும் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டதும் தெரிஞ்சிருக்கு. அப்படியே இருக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டார். காலே போனாலும் சரின்னு.

"மேடம்," ன்னான். "நம்மளை எலியைத் தேடச் சொன்னதே அந்தம்மாதானே?"

"அந்தம்மாவுக்குத் தெரியாதுடா. இன்னிக்குக் காலையில அந்த நாமத்தைப் பார்க்கற வரைக்கும்." அறிவுமதி ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணினாங்க. "ஏறு. கோர்ட்டுக்கு."

*

கோர்ட் வளாகத்துல ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துல, சிமெண்ட் திண்டுல, அந்த ஒயர் கூடையை மடியில வச்சுக்கிட்டு மகாலட்சுமி உட்கார்ந்திருந்தாங்க. இவங்களைப் பார்த்ததும் எழுந்துட்டாங்க.

"என்ன மேடம் ஆச்சு? எங்க லோடுல வந்ததா?"

"இல்லைம்மா. உங்க லோடுல வரலை. துறைமுகத்து எலியே இல்லை."

மகாலட்சுமி ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டாங்க. யாரைக் கும்பிடறாங்கன்னு தெரியலை, கண்ணு மூடியிருந்துச்சு. கணேஷ்குமாரால அதைப் பார்க்க முடியலை. தலையைத் திருப்பிக்கிட்டான்.

"மகாலட்சுமிம்மா," ன்னாங்க அறிவுமதி. "அந்தக் குடோன் பக்கம் நீங்க வந்திருக்கீங்களா?"

கும்பிட்ட கை அப்படியே நின்னுச்சு.

"காலையில ரெண்டு தடவை கேட்டேன். வந்ததே இல்லைன்னீங்க. அப்புறம் இருட்டுல இவனை, குனிஞ்சு போ, நிலை இடிக்கும்னீங்க. பின்வாசல் நிலை தாழ்வா இருக்கறது, அது வழியா அந்தப் பிள்ளையாருக்குப் போனவங்களுக்குத்தான்மா தெரியும்."

மகாலட்சுமி மெதுவா உட்கார்ந்தாங்க. கை தன்னால டிபன் பாக்ஸ் மூடியைத் தடவிக்கிட்டு இருந்துச்சு.

"காலை எடுத்துரணும்னாங்க மேடம்," அவங்க குரல் எங்கேயோ இருந்து வந்துச்சு. "பேப்பர் கட்டு விழுந்தப்ப. முட்டிக்குக் கீழ எடுத்துரணும்னு கையெழுத்துக் கேட்டாங்க. நான் போடலை. அவரு தினமும் குடோனைத் திறந்ததும் முதல்ல கும்பிடறது அந்த வாய்க்கால் பிள்ளையாரைத்தான். எனக்குப் பிறந்த ஊரு சமயபுரம். எங்க பக்கம் வேண்டிக்கிட்டா அம்மனுக்குக் கோழியை உயிரோட விடுவாங்க. நான் பிள்ளையாருக்கு என்ன விடறது? எடுக்காம அவரு கால் தங்கிருச்சுன்னா, உன் வாகனத்தை ஜோடியா, உயிரோட உன்கிட்டயே விடறேன்பா தெய்வமேன்னு வேண்டிக்கிட்டேன்." மூச்சை இழுத்தாங்க. "கால் நின்னுச்சு மேடம்."

"அப்புறம் அதுங்க என்ன ஆச்சுன்னு பார்க்கவே இல்லையா?"

"கையடக்கக் குட்டிங்க மேடம் ரெண்டும். பூனை தின்னிருக்கும்னு நினைச்சேன். ஊர்ல துறைமுகத்து எலின்னாங்க, நானும் அதைத்தான் நம்புனேன். இன்னிக்கு அந்த நெத்தியைப் பார்த்ததும்..." முடிக்க முடியலை. "டியூஷன் சார் எங்க அக்கா மகனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவரு. அவரை நான்தான் கொன்னுட்டேனா மேடம்?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாதும்மா. பெருச்சாளியால கூட வந்திருக்கலாம். அந்த டெஸ்ட் வரலை. இல்லவே இல்லைன்னும் என்னால சொல்ல முடியலை."

கணேஷ்குமார் போனை எடுத்து அந்த வீடியோவை மகாலட்சுமி காதுகிட்ட வச்சான். அவனுக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியலை. அவங்க முதல்ல புரியாம கேட்டாங்க. அப்புறம் புரிஞ்சு கேட்டாங்க. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"யார்கிட்டயும் என் பேரைச் சொல்ல மாட்டாரு," ன்னாங்க. "எப்பவும் எங்க வீட்டுல, எங்க வீட்டுலதான். கல்யாணம் ஆன புதுசுல கோவம் வரும் எனக்கு."

"அம்மா," கணேஷ்குமார் அவங்க முன்னாடி குந்தி உட்கார்ந்தான். "நீங்க எதுவும் சொல்ல வேணாம். வேற வழி பார்ப்போம். மேடம், பார்ப்போம்ல?"

அறிவுமதி மகாலட்சுமி பக்கத்துல உட்கார்ந்து, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" ன்னாங்க. "கேஸ் உங்களோடது, நான் கண்டுபிடிச்சதும் உங்களோடது. சொன்னா அவரு வெளிய வரலாம், நீங்க உள்ள போகலாம். சொல்லலைன்னா இன்னிக்கு அவருக்கு ஜாமீன் கிடையாது. இதுக்கு நடுவுல ஒரு வழி இருந்தா நானே சொல்லியிருப்பேன்மா. எனக்குத் தெரியலை."

கேட் பக்கம் போலீஸ் வேன் வந்து நின்னுச்சு.

நல்லதம்பியை ரெண்டு பேர் தாங்கி இறக்கினாங்க. ஒரு கால் தரையில படலை. கைலிக்குக் கீழே கட்டு மஞ்சளா ஊறியிருந்துச்சு. வேன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிமிர்ந்தவர், முதல்ல மகாலட்சுமியைப் பார்த்தாரு. அப்புறம் பக்கத்துல அறிவுமதியை. அப்புறம் மகாலட்சுமியோட முகத்தை மறுபடி பார்த்தாரு. எல்லாம் புரிஞ்சு போச்சு அவருக்கு. வேணாம்னு தலையை ஆட்டினாரு. இத்தனை நாள் மூடியிருந்த வாய் திறந்துச்சு.

"நீ வீட்டுக்குப் போ."

மகாலட்சுமி கூடையைத் தூக்கி கணேஷ்குமார் கையில குடுத்தாங்க. டிபன் பாக்ஸ் இன்னும் திறக்காமலே இருந்துச்சு. புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு நேரா வேனுக்குப் போனாங்க. வீட்டுக்காரரைத் தாண்டி, வீடியோவுல இருந்த அதே சப்-இன்ஸ்பெக்டர் முன்னாடி போய் நின்னாங்க.

"சார், அந்த வீடியோவுல இவரு எங்க வீட்டுலன்னு சொல்றாருல்ல?"

"ஆமா. வீட்டுல எங்கம்மா விட்டீங்க?" ன்னார் அவர், பைலைப் புரட்டிக்கிட்டே.

"வீட்டுல எங்கேயும் விடலைங்க சார்," ன்னாங்க மகாலட்சுமி. "அந்த வீடு நான்தான்."